பீலியும் தடாகமும்: மலையகத்தில் நீர்த்தூய்மையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் அருவிகளை வியந்துரையாது விடுவது அரிது. மகாவலியும் களனியும் பிறப்பது இம்மலைகளிலேயே. நாட்டின் நீர்த்தொட்டி என மலையகத்தைக் கூறுவதில் மிகையில்லை. ஆனால், நீர் நிறைந்த இந்நிலத்தில் தூய நீர் யாருக்கு, எவ்வாறு, யாருடைய பொறுப்பில் கிடைத்தது என்னும் வினா வரலாற்று மாணவரின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என்னுள் எழுந்தது நூல்நிலையத்திலன்று. ஹற்றனுக்கு அணித்தான தோட்டமொன்றில் முன்பு துரை வாழ்ந்த பங்களா இன்று உல்லாசப் பயணிகள் விடுதியாக மாறியுள்ளது. அதன் முற்றத்தில் சிறியதொரு நீச்சல் தடாகம் உண்டு. அத்தடாகத்தைப் பராமரிப்பவர் என் மாமா மகன். ஒவ்வொரு நாட் காலையிலும் அவர் சிறு கண்ணாடிக் குழாயில் தடாகத்து நீரை எடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறம் பார்த்து, பதிவேட்டில் எழுதுவார். மாலையில் லயத்துக்குத் திரும்பி, பீலித் தண்ணீரைத் துணியில் வடித்துக் கொதிக்க வைப்பார். சென்ற விடுமுறையில் அவர் சொன்னார்: “தம்பி, அங்க குளிக்கிற தண்ணிக்கு ஒரு புத்தகம் இருக்கு. நம்ம குடிக்கிற தண்ணிக்கு ஒண்ணும் இல்ல.” இவ்வொரு கூற்றில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது.

தேங்கிய நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் கலை புதியதன்று. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளியற் குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசி, பழைய நீரை வெளியேற்ற வடிகாலும் அமைத்தனர். இலங்கையில் அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண எனப்படும் இரட்டைப் பொய்கை இவ்வகையில் மேலும் நுண்மையான சான்றாகும். நிலத்தடிக் குழாய் வழி வந்த நீர் நேராகப் பொய்கையில் விழவில்லை. முதலில் சிறு தொட்டிகளிற் தங்கி, வண்டல் படிந்த பின்னரே தெளிந்த நீர் உள்ளே சென்றது. இன்றைய வடிகட்டியின் தத்துவம் அன்றே அங்கு கைவரப்பெற்றிருந்தது எனலாம்.

தோட்டத் தொழிலாளரின் மூதாதையர் புறப்பட்டு வந்த தமிழகத்து மாவட்டங்களிலும் இத்தகைய அறிவு இருந்தது. புதுக்கோட்டை, இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் குடிநீருக்கென ஊருணியும், குளிக்கவும் கால்நடைக்கும் வேறு குளமும் என நீர்நிலைகள் பிரித்து வைக்கப்பட்டன. ஊருணியில் காலலம்புவதும் துணி துவைப்பதும் குற்றமாகக் கருதப்பட்டன. கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தே தேய்க்கும் வழக்கமும் இருந்தது. இதனை ஒரு பொற்காலமாகக் காட்டுவது என் கருத்தன்று. அதே ஊருணிகளிற் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் குடம் வைக்கத் தடுக்கப்பட்டனர் என்பதும் வரலாறே. எனினும் ஓர் உண்மை இங்கு தெளிவாகின்றது. நீர் தானாகத் தூய்மையாக இருப்பதில்லை. அமைப்பு, விதி, அவ்விதியைக் காக்கும் ஆள் ஆகிய மூன்றும் கூடும்போதே அது தூய்மையாக இருக்கின்றது.

இம்மூன்றையும் அறிவியலின் அடிப்படையில் நிறுவியது பத்தொன்பதாம் நூற்றாண்டாகும். 1829ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சிம்சன் என்பார் லண்டனின் செல்சி நீர்வழங்கல் நிறுவனத்துக்காக மணல் வடிகட்டிப் படுகையை அமைத்தார். 1854இல் ஜோன் சினோ என்ற மருத்துவர், லண்டன் புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றியே வாந்திபேதி மரணங்கள் குவிந்திருந்ததை எடுத்துக் காட்டினார். 1883, 1884ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆய்ந்த றொபேட் கொக் அந்நோயின் கிருமியை இனங்கண்டார். துணி வெளுப்பதற்கெனச் சாள்ஸ் தெனன்ற் 1799இல் உரிமம் பெற்ற வெளிற்றுந்தூள், ஒரு நூற்றாண்டின் பின் நீரைக் காக்கும் மருந்தாயிற்று. 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரின் குடிநீருக்குக் குளோரீன் இடையறாது சேர்க்கப்படலாயிற்று. அதனையடுத்த சில ஆண்டுகளுக்குள், அந்நாட்டின் பிரவுண் பல்கலைக்கழக நீச்சல் தடாகத்திலும் அம்முறை பயன்படுத்தப்பட்டது. குடிநீர்த் தூய்மைக்கும் தடாகத் தூய்மைக்கும் வேர் ஒன்றே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. குடிக்கும் நீருக்கெனக் கண்ட வழியே பின்னர் குளிக்கும் நீருக்குச் சென்றது.

இவ்வறிவு வளர்ந்த அதே காலத்திலேயே மலையகப் பெருந்தோட்டங்களும் உருவாயின. 1820களில் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அழியலாயிற்று. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலையைப் பயிரிட்டிருந்தமையால் தோட்டத்துரைமார் பிழைத்துக் கொண்டனர். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, வடபாதை வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதி அவர்களிற் பலரைக் கொன்றது. குளங்களும் குட்டைகளுமே அவர்களுக்குத் தாகந் தீர்த்தன. கூட்டமாகச் சென்றோரில் ஒருவருக்கு நோய் கண்டாற்கூட அடுத்து வருவோர் அருந்தும் நீர் நஞ்சாகியது. பின்னாளில் மண்டபத்திலே தடுப்பு முகாம் அமைக்கப்பட்டு, தொழிலாளர் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டனர். கடற்கரையிற் கிருமியைத் தடுக்கக் காட்டிய கரிசனை, மலையில் அவர்கள் அருந்திய நீரின்மீது காட்டப்பட்டதா என்பதே நம் வினா.

தோட்டத்தின் அமைப்பை நோக்குமிடத்து இதற்கான விடையின் ஒரு பகுதி கிடைக்கின்றது. பங்களா உயர்ந்த மேட்டில் அமைந்தது. ஊற்றிலிருந்து தனிக் குழாய் வழியே அதற்கு நீர் வந்தது. லயங்களோ பெரும்பாலும் சரிவிலும் பள்ளத்திலும் ஓடைக்கு அருகே கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. பல காம்பராக்களுக்கு ஒரு பீலி. மூங்கிலையோ தகரத்தையோ ஓடையிற் பொருத்தி நீரை விழச்செய்யும் அப்பீலியே குடிநீர்க் குழாயும் குளியலறையும் துவைகல்லும் ஆயிற்று. மலைச்சரிவில் மேல் லயத்தின் கழிவு ஓடும் வழியே கீழ் லயத்தின் பீலிக்கும் நீர் வரும் வழியாயிருந்தது. காட்டை வெட்டிச் செடி நட்டதனால், மழைக்காலத்தில் மேல்மண் கரைந்து ஓடை கலங்கிற்று. “மலைத்தண்ணீர் தூய்மையானது” என்று நம் முதியோர் இன்றும் கூறுவர். ஊற்றுக்கண்ணில் அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் பீலியை வந்தடையும்போது அந்நீர் எத்தனை வாசல்களைக் கடந்து வந்துள்ளது என்பதை அக்கூற்று கணக்கிடுவதில்லை.

அரசு முற்றாக வாளாவிருந்ததென்று கூறுவது பொருந்தாது. தோட்ட மாவட்டங்களில் வைத்திய வசதி அளிப்பதற்கான கட்டளைச் சட்டம் 1872இல் வந்தது. 1912இல் வந்த சட்டங்கள், லயங்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதார நிலையில் வைத்திருப்பதைத் தோட்ட அத்தியட்சகரின் கடமையாக்கின. 1916இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணிற் பொரித்துப் புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுந்து குருதியை உறிஞ்சும் நோய் அது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மலசலகூடம் கட்டாவிடின் நோய் திரும்பும் என்பதை அவ்வியக்கத்தினர் வற்புறுத்தினர். மருந்துக்கு இசைந்த தோட்டத்துரைமாரிற் பலர் மலசலகூடச் செலவுக்குத் தயங்கினர். சோகை பிடித்த தொழிலாளி குறைவாகவே கொழுந்தெடுப்பார் என்ற வாதமே அவர்களை ஓரளவு இணங்கச் செய்தது. சுகாதாரம் மனிதனின் உரிமை என்ற நிலையிலன்றி, உழைப்பின் தேவை என்ற நிலையிலேயே தோட்டத்தினுள் நுழைந்தது. செலவு இலாபத்தை மிஞ்சும் இடத்தில் அது நின்றுவிட்டமைக்கும் இதுவே காரணமாகும்.

இதே காலப்பகுதியில் நாட்டின் பிற இடங்களில் நீர் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதையும் ஒப்புநோக்குதல் தகும். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகறி நுவரெலியாவின் சதுப்பு நிலத்தை ஏரியாக்கி, ஐரோப்பியர் பொழுதுபோக்குக்கு வழிசெய்தார். 1886இல் லபுகம நீர்த்தேக்கத்தின் நீர் கொழும்பை வந்தடைந்தது. சுதந்திரத்தின் பின் மின்சாரத்துக்காகக் காசல்றீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இலும் நிறைவெய்தின. மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய ஆலயத்தின் எச்சங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. இவ்விரு நீர்த்தேக்கங்களினதும் நீர் கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியே களனி கங்கையாகி, அம்பத்தலையிற் படியவைக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரீன் ஊட்டப்பட்டுத் தலைநகர வீடுகளின் குழாய்களிற் பாய்கின்றது. நம் லயத்து வாசலைக் கடந்து செல்லும் நீரே நூறு மைலுக்குட்பட்ட தொலைவில் தூய நீராகின்றது. இடையில் அதற்கு நேர்வது ஒன்றேதான்: ஒரு நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்கின்றது.

மலையகத்தில் அப்பொறுப்பு ஏன் எவரிடமும் நிலைபெறவில்லை? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எந்நேரமும் வெளியேற்றப்படலாம் எனக் கருதப்பட்டவருக்கு நிலையான நீர்க்குழாய் அமைக்க யார் முற்படுவர்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இதனிடையே, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. சபைக்கு வாக்களிக்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. சபையின் குழாய் மட்டும் தோட்ட எல்லையில் நின்றது. தோட்டம் ‘சபையைக் கேள்’ என்றது. சபை ‘தோட்டத்தைக் கேள்’ என்றது. 2010 யூலை 28இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தூய குடிநீரை மனித உரிமையென ஏற்றது. அதன் பின்னும் எட்டாண்டுகள் சென்று, 2018இலேயே அந்த 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. சட்டத்தடை நீங்கியமை பெரும் முன்னேற்றமே. ஆயினும் தடை நீங்குதல் வேறு, கடமை நிறைவேறுதல் வேறு.

இந்நிலையில் நாம் மீண்டும் அந்தத் தடாகத்துக்குச் செல்வோம். வீட்டு முற்றத்துத் தடாகமொன்றைத் தூய்மையாகவும் ஆபத்தின்றியும் வைத்திருக்க வேண்டியவை எவை? முதலாவது, நீர் தேங்காது சுழல வேண்டும். முழு நீரும் ஏறத்தாழ 6 முதல் 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியே சென்று திரும்ப வேண்டும். இரண்டாவது, விழும் இலைகளை வலையால் அள்ளி, சுவரிற் பாசி பற்றாது தேய்த்து, அடியிற் படிவதை அகற்ற வேண்டும். மூன்றாவது, குளோரீன் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் எப்போதும் நீரில் நிற்க வேண்டும். நான்காவது, நீரின் அமில காரச் சமநிலையைக் குறிக்கும் பீஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். 7.5இல் குளோரீனின் வலிய கூறு ஏறத்தாழப் பாதி. 8இல் அது காற்பங்கு அளவே. எனவே மருந்து இட்டது மட்டும் போதாது. அது வேலை செய்கின்றதா என்றும் அறிய வேண்டும். மலைநாட்டு ஊற்றுநீர் மென்னீராகையால் இச்சமநிலை எளிதிற் குலையும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் மழைநீர் கலந்து மேலும் குலையும். வெயிலும் குளோரீனைச் சிதைக்கும். ஆகவேதான் நாளாந்தச் சோதனை இன்றியமையாததாகின்றது.

கண்ணை எரிக்கும் கடுமணம் தூய்மையின் அடையாளமென்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரீன் சேர்ந்து உண்டாகும் பொருள்களே அம்மணத்தைத் தருகின்றன. நீரில் இறங்குமுன் உடலைக் கழுவுதலும், வயிற்றோட்டம் உள்ளவர் இறங்காதிருத்தலும் அதனால் விதிகளாயின. குளோரீனுக்கு எளிதில் அடங்காத ஒட்டுண்ணிகளும் உள என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, சிறு பிள்ளைகள் தனியே நுழைய முடியாதவாறு நாற்புறமும் வேலி, தானாக மூடும் படலை, இழுவிசையால் உடலையோ கூந்தலையோ பற்றாதபடி மூடியிட்ட வடிகால், எந்நேரமும் கண்வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஆகியன வேண்டும். நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. மருந்துத் தூள்களை ஒன்றோடொன்று கலவாமல், ஈரம் படாத பூட்டிய அறையில் வைப்பதும் இதிலடங்கும்.

இவற்றுள் எது பீலிக்கு ஒவ்வாதது? ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலி, வண்டல் படியும் சிறு தொட்டி, மணலும் கூழாங்கல்லும் இட்ட வடிகட்டி, மூடிய சேமிப்புத் தொட்டி, குழாய்வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சி நிற்கும் குளோரீன், வழுக்காத படிக்கட்டு, வாரத்துக்கொரு முறை கழுவும் ஆள், அவர் எழுதும் பதிவேடு ஆகியவையே குடிநீருக்கும் தேவை. இவை அரிய தொழில்நுட்பங்களல்ல. என் மாமா மகன் நாளாந்தம் கையாளும் தொழில்நுட்பங்களே. அறிவு தோட்டத்தில் இல்லாமலில்லை. அது பங்களா வாசலிற் கடமையிலிருக்கின்றது.

இன்னுமொரு செய்தி சிந்திக்கத்தக்கது. தடாகத்தின் மணல் வடிகட்டியைக் கழுவ நீரை எதிர்த்திசையிற் செலுத்துவர். அப்போது வெளியேறும் அழுக்குநீர் எங்கே செல்கின்றது? சரியான கழிவுக்குழி இல்லையெனில் அது சரிவிலே இறங்கி ஓடையிற் கலக்கும். ஓடை பீலிக்கு வரும். தூய்மை செய்தல் என்பது பல வேளைகளில் அழுக்கை அழிப்பதன்று, அதனை வேறோரிடத்துக்கு அனுப்புவதேயாகும். மேட்டிலிருப்போரின் தூய்மை பள்ளத்திலிருப்போரின் அழுக்காக மாறிய கதையே மலையகத்து நீரின் கதை எனலாம். தேயிலைக்கு இடும் உரமும் களைநாசினியும் இதே வழியிலேயே இறங்குகின்றன.

குறை முழுவதும் பிறரிடமே என்று கூறி நாம் விலகிக்கொள்ளவும் இயலாது. நீரெடுக்கும் இடத்துக்கு மேலே துணி துவைப்பதும், மாட்டைக் கழுவுவதும், காய்கறித் தோட்டத்து மருந்துப் பீப்பாயை ஓடையில் அலசுவதும் நம் கண்முன்னே நிகழ்வன. ஊருணிக் கரையில் நம் மூதாதையர் பேணிய விதி கடல் கடந்து வந்தபோது எங்கோ நழுவிற்று. ஆனால், நிலமும் ஊற்றும் தனதல்ல என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒருவன், அவற்றைத் தனதாகக் காக்கவில்லையே என்று குறைகூறுவது நீதியாகாது. உரிமை கிடைக்கும்போதே பொறுப்பும் வேர்கொள்ளும்.

நீச்சல் தடாகம் இருப்பது குற்றமன்று. அவ்விடுதியின் வருமானத்தில் நம்மவர் சிலரது அடுப்பெரிகின்றது என்பதை நான் மறந்தேனில்லை. அத்தடாகம் நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கின்றது. இம்மலையின் நீரை இம்மலையிலேயே தூய்மையாக வைத்திருக்க முடியும் என்பதே அவ்வுண்மை. அதற்குப் பணமும் அறிவும் ஆளும் ஒதுக்கப்படலாம், ஒதுக்கப்பட்டும் உள்ளன. 1872, 1912, 2018 என நீளும் சட்டங்களின் வரிசை எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. இனி எழுதப்பட வேண்டியது ஒரு சிறு பதிவேடு. அதில் நாளும் திகதியும், நீரின் அளவும் நிறமும், சோதித்தவரின் கையொப்பமும் இருக்கும். அது பங்களா முற்றத்தில் இன்று இருக்கின்றது. அதுபோன்றதொன்று பீலிக்கரையிலும் தொங்கும் நாளில், குடம் ஏந்திச் செல்லும் நம் தாய்மாரின் நீரும் வரலாற்றிற் கணக்கில் எடுக்கப்பட்டதாகும்.